21 வயதில் நிற்கலாம் என்கிறது சட்டம், தேர்தல் எங்கே?

கேள்வி, ஒரு வாசகரிடமிருந்து
2025 ஆகஸ்ட் 16

நேற்று எங்கள் ஊர் கிராம சபைக்குப் போயிருந்தேன். முப்பது வயதுக்குக் கீழே இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே பிள்ளைகள் கட்சிக் கூட்டம் என்றால் வேன் பிடித்துப் போகிறார்கள். இந்தத் தலைமுறைக்கு ஆரவாரத்தில்தான் ஆர்வம், ஊர்ப் பொறுப்பில் இல்லை. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

ஆகஸ்ட் 16, இரவு

மறுக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். நேற்று அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது யார்? நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரா? தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து தனி அலுவலர்கள்தான். வார்டு மறுவரையறை, நகர விரிவாக்கம் என்று காரணம் சொல்கிறார்கள். அரசியலமைப்பின் 243E பிரிவு, ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது.

சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் நிற்க 25 வயது. மாநிலங்களவைக்கு 30. ஓட்டுப் போட 18. இருபத்தொரு வயதுப் பிள்ளைக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு உள்ளாட்சி ஒன்றுதான், அதுவும் பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய வீட்டின் முன்னால் நின்றுகொண்டு, யாருமே உள்ளே வரவில்லையே என்று கேட்பது நியாயமா?

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 22 வயதில் வார்டு உறுப்பினராக நின்று ஜெயித்து, ஐந்து வருடம் அந்தப் பதவியில் இருந்தேன். அதனால்தான் இந்தக் கோபம்.

ஆகஸ்ட் 17, காலை

இரவு விட்டுப்போனதைச் சேர்க்கிறேன். இது முதல் முறையும் அல்ல. 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே எல்லா உள்ளாட்சிகளின் பதவிக்காலமும் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆனது.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2017 ஜனவரியில் மெரினா. ஜல்லிக்கட்டுக்காக ஒரு வாரம் லட்சக்கணக்கானவர்கள் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு 19 வயது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், புதுக்கோட்டையில் நாங்களும் உட்கார்ந்தோம். யார் குடிநீர் கொண்டுவருவது, யார் குப்பை பொறுக்குவது, ராத்திரியில் பெண் பிள்ளைகளை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று எல்லாவற்றையும் எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். அவசரச் சட்டம் வந்தது, பிறகு சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது, வீட்டுக்குப் போனோம்.

வீட்டுக்குப் போன அந்த நாளில் தமிழ்நாட்டின் ஒரு கிராம ஊராட்சியில்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் இல்லை. சென்னையில் ஒரு கவுன்சிலர் இல்லை. அந்தக் கூட்டத்தில் பொறுப்பெடுத்து ஓடிய பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் தங்கள் வார்டில் போய் நின்றிருந்தால் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நிற்க இடம் இல்லை. ஆறு மாதத்தில் ஒருவன் சிங்கப்பூர் போனான், இன்னொருவன் திருப்பூர் போனான்.

ஆகஸ்ட் 17, மதியம்

கஜா புயலைச் சொல்ல மறந்துவிட்டேன். அதை மறக்கலாமா!

2018 நவம்பர் 16, விடியற்காலை. எங்கள் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வர இருபத்திரண்டு நாள் ஆனது. ரோட்டில் கிடந்த மரங்களை அறுத்து வழி விட்டது எங்கள் ஊர்ப் பையன்கள். ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, தெருவுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்து மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றியதும் அவர்கள்தான். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் வீடு வீடாகக் கணக்கெடுத்தேன். ஓடு போன வீடு, சுவர் போன வீடு, ஆடு மாடு செத்த வீடு, கைக்குழந்தை இருக்கிற வீடு.

கணக்கெடுக்க வந்த அலுவலரிடம் அந்த நோட்டை நீட்டினேன். நல்ல மனிதர்தான், புரட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதை ஊராட்சி சார்பில் யார் எழுதியது? யாருடைய கையெழுத்து?"

ஊராட்சி சார்பில் கையெழுத்துப் போட ஊரில் ஒருவரும் இல்லை. தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை. வேலையைச் செய்த ஒருவருக்கும் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. அந்த நிமிடத்தில்தான் முடிவெடுத்தேன், தேர்தல் வந்தால் நிற்பது என்று.

ஆகஸ்ட் 19

எப்படி நின்றீர்கள், வீட்டில் விட்டார்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வார்டு பெண்கள் வார்டு. தெருப் பெரியவர்கள் முதலில் வந்து கேட்டது அம்மாவை. அம்மா 1991-ல் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவர், சைக்கிள் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். புதுக்கோட்டைப் பெண்கள் சாரி சாரியாக சைக்கிளில் போன காலம் அது. அவர் பெயர் இருக்கும், அப்பா வேலை பார்ப்பார் என்பது பெரியவர்களின் கணக்கு. அம்மா சொன்னார்: "நான் நிற்கவில்லை. மகள் நிற்கிறாள். வேலையையும் அவளே பார்ப்பாள்."

வார்டு உறுப்பினருக்குக் கட்டுத்தொகை 200 ரூபாய், பட்டியல் வகுப்பினருக்கு 100. பணம் கஷ்டமில்லை. முன்மொழிய அதே வார்டு வாக்காளர் ஒருவர் வேண்டும், அதுதான் கஷ்டமாகிவிட்டது. பெரியப்பா முடியாது என்றார். எதிரில் நின்றவர் அவருக்குச் சம்பந்தி முறை. சித்தப்பா, "நான் போட்டால் அண்ணன் கோபித்துக்கொள்வார்" என்றார். மனுத்தாக்கல் முடிய ஒரு நாள் இருந்தது.

கடைசி வீட்டு அப்பத்தாதான் வந்தார். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். அறிவொளியில் அம்மாவிடம் கையெழுத்துக் கற்றவர். படிவத்தைத் திண்ணையில் வைத்து, கீழே பரீட்சை அட்டையைக் கொடுத்தேன். பேனாவை நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தையும் முடித்ததும் நிறுத்தி, அடுத்த எழுத்துக்கு இடம் பார்த்து, இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். கடைசி எழுத்துக்குக் கட்டம் போதவில்லை, கோட்டுக்கு வெளியே போய் முடிந்தது. அதைப் பார்த்துவிட்டு, "செல்லுமா?" என்று கேட்டார். செல்லுபடியானது.

143 ஓட்டு எனக்கு, 132 எதிரில் நின்றவருக்கு. சின்னம் சீப்பு.

ஆகஸ்ட் 20

"பணம் கஷ்டமில்லை என்று சொல்லாதீர்கள், எங்கள் ஊரில் தலைவர் பதவிக்கு லட்சக்கணக்கில் செலவழித்தார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். நான் சொன்னது வார்டு உறுப்பினருக்கு. தலைவர் பதவிக்குக் கட்டுத்தொகை 600 ரூபாய்தான், ஆனால் அதற்கு மேல் என்னென்ன செலவு என்று எல்லோருக்கும் தெரியும். சில ஊர்களில் கோயில் முன்னால் பதவியை ஏலம் விட்டதாகவும் அந்தத் தேர்தலின்போது செய்தி வந்தது.

ஆனாலும் 2019-ல் தேர்தல் அறிவித்த வார்டு உறுப்பினர் இடங்கள் மட்டும் 76,746. அந்த இடங்களுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. மாவட்டச் செயலாளரிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டாம். எனக்கு மொத்தச் செலவு 4,300 ரூபாய், அதில் பாதி துண்டறிக்கை, மீதி டீ. இளைஞர்களுக்கு இதைவிட அகலமான வாசல் இந்த நாட்டில் வேறு இருந்தால் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 23

ஜெயித்த பிறகு என்ன கிழித்தீர்கள் என்ற கேள்விக்கு.

முதல் ஆறு மாதம் ஒன்றும் முடியவில்லை. கூட்டம் என்று தகவல் வரும், போவேன், தீர்மானப் புத்தகத்தை நீட்டுவார்கள், கையெழுத்துப் போடுவேன், டீ வரும். மூத்த உறுப்பினர்கள் வாசிக்காமலே போட்டார்கள். நானும் இரண்டு முறை அப்படிப் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது கூட்டத்தில் வாசித்தேன். ஆறாவது தீர்மானத்துக்கும் ஏழாவதுக்கும் நடுவே நாலு விரற்கடை இடம் வெறுமையாக இருந்தது. ஏழாவதுக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமை, அதற்கும் கீழே எங்கள் கையெழுத்துக்கான இடம். "பிறகு எழுதிக்கொள்வோம் அம்மா, அவசரம்" என்றார்கள். என்ன எழுதுவார்கள், எப்போது எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. என் கையெழுத்து மட்டும் கீழே தயாராக இருக்கும்.

நான் ஸ்கேல் கொண்டுபோகவில்லை. பர்ஸில் இருந்த பஸ் பாஸை வைத்து, நாலு விரற்கடை இடத்தில் குறுக்கே ஒரு கோடு, அரைப் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டுவிட்டு, கோட்டை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். அறை அமைதியாகிவிட்டது. யாரும் திட்டவில்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானங்கள் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தன. அதற்கடுத்த கூட்டத்தில், பக்கத்து வார்டு அண்ணன் என்னிடம் திரும்பி, "கோடு போட்டுவிட்டாயா? சரி, அப்போது நானும் போடுகிறேன்" என்றார்.

வடக்குத் தெருக் குழாயை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மாற்றியது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தெருவிளக்கு, ஊரணியில் படிக்கட்டு. ஐந்து வருடத்தில் நான் சொல்லிக்கொள்ளக்கூடியவை இவ்வளவுதான். ஆனால் பெரிதாக நினைப்பது அந்தக் கோட்டை. அதை 22 வயதில் கற்றுக்கொண்டேன். 45 வயதில் நேராகச் சட்டமன்றத்துக்குப் போகிறவருக்கு அது தெரியாது.

ஆகஸ்ட் 24

கிராம சபைக்கு ஆள் வராததைப் பற்றி முதலில் கேட்டவருக்கு ஒரு வார்த்தை. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வர வேண்டியவர்கள், 100 பேர். அந்த நூறை எப்படி நிரப்புகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே உட்கார வைப்பார்கள், போதவில்லை என்றால் நோட்டு வீடு வீடாக வரும். பையன்கள் இதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். தங்கள் கையெழுத்துக்கு மட்டும் வேலை, தங்கள் கேள்விக்கு வேலை இல்லை என்று தெரிந்த இடத்துக்கு ஏன் வருவார்கள்?

ஆகஸ்ட் 30

"அந்தக் காலத்து மாணவர்கள் காமராசரையே தோற்கடித்தார்கள்" என்று எழுதியவருக்கு. உண்மை. 1965 மொழிப் போராட்டத்தில் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன் 1967-ல் விருதுநகரில் காமராசரை 1,285 ஓட்டில் தோற்கடித்தார். அதைச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். போராட்டம் முடிந்து இரண்டே வருடத்தில் ஒரு தேர்தல் வந்தது, ஒரு கட்சி அந்த இளைஞரைக் கூப்பிட்டு நிறுத்தியது. தெருவிலிருந்து பதவிக்கு நடுவே நடந்து போக ஒரு பாலம் இருந்தது. 2017-ல் அந்தப் பாலம் இல்லை என்பதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 1995-லிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் தவறியதில்லை. 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு நடுவிலும் நடத்தினார்கள். அதில் ஜெயித்த ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில் திருவனந்தபுரம் மேயரானார். கல்லூரி மாணவி, மாணவர் சங்கத்திலும் குழந்தைகள் அமைப்பான பாலசங்கத்திலும் பொறுப்பில் இருந்தவர். அங்கே கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் நடக்கிறது. நான் படித்த கல்லூரியில் மாணவர் தலைவரை முதல்வர் அறையில் மதிப்பெண் பார்த்து நியமித்தார்கள்.

நம்மிடமும் இல்லாமல் இல்லை. 2022-ல் நகர்ப்புறத் தேர்தல் நடந்ததும் சென்னைக்கு 28 வயதில் ஆர். பிரியா மேயரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித் பெண். தேர்தல் நடந்தது, அதனால் வந்தார்.

செப்டம்பர் 7

ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. நான் எழுதியதையெல்லாம் மறுபடி வாசித்தேன். தேர்தல் மட்டும் ஒழுங்காக நடந்துவிட்டால் போதும் என்பது போல எழுதியிருக்கிறேன். என் வாழ்க்கையே அதை மறுக்கிறது.

2022-ல் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மூன்று இடம் வந்தது. மூன்றும் வேறு ஊர். கல்யாணம் ஆகிப் போனால் ஓட்டு அங்கே போய்விடும், இங்கே என் இடம் காலியாகும். பதவிக்காலம் முடியட்டும் என்றேன். "வார்டு மெம்பருக்கு இவ்வளவா?" என்று அத்தை கேட்டார். வயதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் அழுதார்கள். 2025 ஜனவரி 5 வரை தள்ளினேன். ஏப்ரலில் கல்யாணம் ஆனது. இப்போது நான் இருப்பது பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, வேறு ஒன்றியத்தில். இங்கே என்னை இன்னாருடைய மருமகள் என்றுதான் தெரியும். 143 பேர் எனக்கு ஓட்டுப் போட்ட தெருவில் எனக்கு இனி வாக்கு இல்லை.

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஆனால் ஊரில் ஒரு பெண் பிள்ளை 18-லிருந்து 21 வரை பேர் வாங்குகிறாள், 24-ல் வேறு ஊருக்குப் போகிறாள், அங்கே மறுபடி முதலிலிருந்து. அங்கே பேர் வாங்க இன்னொரு பத்து வருடம். அந்த இடத்துக்கு நிற்பது அந்த ஊரிலேயே இருக்கிற ஒருவருடைய மனைவி. இதற்கு எந்தச் சட்டத்தில் என்ன திருத்தம் போடுவது? எனக்குத் தெரிந்த ஒன்று, என்னோடு கஜாவில் ஓடிய ஆறு பெண் பிள்ளைகளில் ஒருத்திகூட இன்று எங்கள் ஊரில் இல்லை.

செப்டம்பர் 8

என் கணவர் எப்படி என்று கேட்டவர்களுக்கு: நல்லவர். இந்த இழையை அவர்தான் முதலில் எனக்குக் காட்டினார்.

செப்டம்பர் 13

நேபாளத்தில் நடந்த இளைஞர் போராட்டத்தைப் பார்த்துவிட்டுப் பலரும் இங்கே வந்து, "இளைஞர் சக்தி பாருங்கள்" என்று எழுதுகிறீர்கள். ஒரே வாரத்தில் பிரதமர் ஒலி விலகி, முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பொறுப்புக்கு வந்துவிட்டார். ஆனால் செத்துப்போன பிள்ளைகளின் படங்களைப் பார்க்கும்போது எனக்குச் சக்தி என்ற சொல் வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். நேபாளத்தில் 1997-க்குப் பிறகு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2017-ல்தான் நடந்தது. இருபது வருடம்! ஒரு தலைமுறை முழுவதும் ஊர் அளவில் ஒரு பொறுப்பையும் தொட்டுப் பார்க்காமல் வளர்ந்தது. அதற்கடுத்த 2022 தேர்தலில் 32 வயது பாலேன் ஷா சுயேச்சையாக நின்று காத்மாண்டு மேயரானார். இன்று அந்தப் பிள்ளைகள் யார் பெயரைச் சொன்னார்கள் என்று பாருங்கள், அவர் பெயர் அதில் இருந்தது. உள்ளாட்சி திறந்தால் அப்படி ஆள் வரும், மூடினால் தெருதான் மிச்சம்.

செப்டம்பர் 14

நிற்கும் வயதை 18 ஆக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அப்படிப் பரிந்துரைத்தது. எனக்கு ஆட்சேபம் இல்லை. ஓட்டுரிமை வயது 21-லிருந்து 18-க்கு 1989-ல் இறங்கியபோது உலகம் கவிழ்ந்துவிடவில்லை. ஆனால் 2016-ல் 21 வயதானவருக்கு முதல் வாய்ப்பு வரும்போது 24 ஆகிவிட்டது. ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை இழுத்தார்கள், அங்கே 26. வயதைச் சட்டத்தில் குறைத்துவிட்டு, தேர்தலைத் தள்ளிப்போட்டு அதே வயதைக் கூட்டிவிடலாம்.

செப்டம்பர் 21

திருத்தம். ஆகஸ்ட் 20 குறிப்பில் இதைவிட அகலமான வாசல் உண்டா என்று கேட்டிருந்தேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி நிதானமாக, நீளமாக எழுதியிருக்கிறார். மேலவளவை எப்படி மறந்தீர்கள் என்று கேட்கிறார். தனித்தொகுதியான ஊராட்சிக்குத் தலைவராக நின்று ஜெயித்த முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30-ஆம் தேதி பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அதேபோலத் தனித்தொகுதியான பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996-லிருந்து பத்து வருடம் தேர்தலையே நடத்தவிடவில்லை, 2006-ல்தான் நடந்தது.

அவர் சொல்வது சரி. எனக்கு முன்மொழிய ஆள் கிடைக்காதது உறவுச் சங்கடம். அவர் தெருவில் முன்மொழிய ஆள் கிடைக்காதது உயிர்ப் பயம். இரண்டையும் நான் ஒரே வாசல் என்று எழுதியிருக்கக் கூடாது. அந்த வரியை அழிக்கவில்லை, இந்தக் குறிப்பையும் சேர்த்து வாசியுங்கள்.

அந்தத் தம்பிக்கு வயது 20. அடுத்த முறை நிற்பேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறார். தேதியை அறிவியுங்கள் என்று கேட்க எனக்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

செப்டம்பர் 28

இன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரான அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கு வந்தார். முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 எனக்கு. என் நாத்தனாருக்குப் படிவம் 6. அவளுக்கு 20 முடியப்போகிறது, இதுவரை பெயரே சேர்க்கவில்லை. நான்தான் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமியார், "இவளும் கல்யாணம் ஆகிப் போகிறவள்தானே, அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளட்டுமே" என்றார். நான் பதில் சொல்வதற்குள் நாத்தனார் படிவத்தை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாள். எழுதி முடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். கையெழுத்துக்கு மேலே ஒரு அங்குலம் காலியாக இருந்த இடத்தில், ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருந்தாள்.

டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "இங்கே கோடு போட வேண்டியதில்லை அம்மா" என்றார். பரவாயில்லை, இருக்கட்டும் என்றேன்.